நாலாவது முனை

துணியின் முனையைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறார். பழக்கதோஷத்தில் கை தானாக இன்னொரு சுற்றும் சுற்றிவிடுகிறது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டாவது சுற்றை அவிழ்த்துவிடுகிறார். ஒவ்வொரு தெருமுனையிலும் இது நடக்கும். ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் முதல் சுற்றோடு நிறுத்தியது கிடையாது.

மற்ற மூன்று முனைகளை மூன்று பேர் பிடித்திருப்பார்கள். நடுவில் துணி தொய்ந்து தொங்கும். இரட்டைக் கட்டில் விரிப்பு அது. நீல நிறத்தில் வெள்ளைப் பூப்போட்டு, வெளுத்து வெளுத்து இப்போது பூ எது, நிறம் எது என்று தெரியாமல் இருக்கிறது. யாருக்காவது ஆபரேஷன் என்றாலோ, எங்காவது குடிசைகள் எரிந்துபோனாலோ இந்த விரிப்பு வெளியே வந்துவிடும். நாலு பேரும் தெருத்தெருவாக நடப்பார்கள். மாடியில் இருப்பவர்கள் இறங்கிவர வேண்டியதில்லை, அங்கிருந்தே காசைப் போடலாம். அம்பத்தூர் ஹவுசிங் போர்டுக்காரர்களின் சோம்பலை அறிந்து செய்த ஏற்பாடு. அந்தச் சோம்பேறிகளில் நானும் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

நாலாவது முனைக்காரர் பெயர் வேம்புலி. ஐம்பதைத் தொட்டுவிட்டார். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வீடு. அப்பாவும் தாத்தாவும் அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். இவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். ரோட்டில் போகிற கிரேன் அல்ல. ஷெட்டின் கூரையை ஒட்டி, உயரத்தில் போட்ட தண்டவாளத்தின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிற கிரேன். அதன் ஓரத்தில் தொங்கும் தகரக் கூண்டுக்குள்தான் அவருக்கு உத்தியோகம். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்கு இறங்குவார். மறுபடி ஏறினால் சங்கு ஊதியதும் இறங்குவார். இருபத்து மூன்று வருடமாக இதுதான். "ஒரு காக்கா கூட வந்து குந்தாது சார், அவ்ளோ சூடு" என்பார்.

கீழே இருக்கிற இரைச்சலில் எவர் பேசினாலும் மேலே கேட்காது. அதனால் எல்லாம் கைச்சாடைதான். கீழே நிற்கும் ஆள் உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மெல்ல அசைத்தால், இறக்கு என்று அர்த்தம். முஷ்டியை மூடினால், நிறுத்து. சாடையைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு வேம்புலி தன் காலடியில் இருக்கும் மணியை இரண்டு தரம் மிதிப்பார். மணி கேட்டால்தான் அடுத்த காரியம். மணி கேட்காமல் ஒன்றும் நகராது.

இந்த மணி அவர் காலிலேயே தங்கிவிட்டது. ரோட்டைக் கடப்பதற்கு முன் தரையை இரண்டு தரம் மிதிப்பார். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுத்தால் மிதிப்பார். வீட்டில் மனைவி கன்னியம்மாள் காப்பி வேணுமா என்று கேட்டால் அதற்கும் பதில் கால்தான். "வாயத் தொறந்து சொன்னா முத்து கொட்டிருமா? இன்னாத்துக்குத் தரைய மிதிக்கிற?" என்று அந்த அம்மாள் சத்தம் போடுவதை நானே கேட்டிருக்கிறேன். அதற்கும் அவர் மிதித்தார்.

மேலேயே தனியாக இருந்து இருந்து மனிதர் ஒண்டிக்கட்டைக் குணத்துக்கு வந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கினால் இவருக்குப் பொறுக்காது. "நவுரு நவுரு" என்று எல்லோரையும் தள்ளிவிட்டுத் தானே முதுகில் ஏற்றுவார். கல்யாணப் பந்தலில் கால் நடுகிறவன் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொள்வார். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. ஆனால் அவர் ஒரு காரியத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்ததும் டீக்கடைக்குப் போய்த் தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "என் வேல நான் பாக்குறேன், உன் வேல நீ பாரு" என்பது அவருடைய வேதம்.

இப்படிப்பட்டவர் எப்படி மூன்று பேரோடு சேர்ந்து ஒரு துணியின் முனையைப் பிடித்தார் என்றால், பால்ராஜ்.

கீழே நின்று கையைக் காட்டுகிற ஆள் பால்ராஜ்தான். பதினாலு வருடம் இவர் மேலே, அவர் கீழே. இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்தது கிடையாது. "பால்ராஜ் மூஞ்சி எனக்கு அவ்ளோவா பயக்கமில்ல சார். தல உச்சிதான் தெரியும். நடு மண்டையில ரெட்டச் சுயி கீது அவனுக்கு. அப்பால கை. ஆயிரம் கைய வரிசையா நீட்ட வெச்சாலும் அவன் கைய நான் காட்டிடுவேன்" என்றார் ஒருமுறை.

எண்பத்தேழு டிசம்பரில் ஒரு நாள், ஒரு கட்டுக் குழாய் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கை கவிழவும் இல்லை, மூடவும் இல்லை. நெஞ்சுக்குப் போனது. "நெஞ்சுல கை வெச்சா இன்னா சிக்னல்னு எனக்குப் புரியல சார். நானும் பாத்துகினே கீறேன். அப்பால அவன் தல உச்சி காணோம். முகம் தெரியுது. மல்லாந்து கெடக்குறான்." சுமையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு வேம்புலி ஏணியில் இறங்கி ஓடியிருக்கிறார். சுமை தொங்கும்போது கூண்டை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். அதற்காக அவருக்கு ஒரு மெமோவும் கிடைத்தது. மெமோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவார்.

பால்ராஜுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருந்ததாம். மாற்ற வேண்டும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசில்லை, கட்டிலுக்குக் காசில்லை. வால்வை மட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு வால்வு கையில் இல்லையென்றால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள், அதுவரை பால்ராஜ் தாங்குவாரா என்பதை டாக்டரால் சொல்ல முடியவில்லை. தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தார்கள். பாதிதான் தேறியது. மீதிப் பாதிக்கு இருந்தது பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்.

டைம் ஆபீஸில் வேலை பார்க்கும் வசந்தகுமாரி, கேன்டீன் நாகம்மா, ஃபிட்டர் ஜெயராமன் மூன்று பேரும் தெருவில் இறங்கி வசூல் செய்வது என்று முடிவு செய்தார்கள். விரிப்பு நாகம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. நாலாவது ஆள் வேண்டும் என்று வேம்புலியைக் கேட்டதற்கு, "அதெல்லாம் எனுக்கு ஒத்து வராது, நான் தனியாவே வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பால்பவுடர் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே காக்கிச் சட்டையோடு படிக்கட்டின் கீழே நின்று, வாயைத் திறக்காமல், வருகிறவர்களின் நெஞ்சுக்கு நேராக டப்பாவை நீட்டினார். பாதிப் பேர் சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் ஓடியே போய்விட்டார்கள். சாயங்காலம் டப்பாவை ஆட்டிப் பார்த்தவர், மறுநாள் வசந்தகுமாரியிடம் வந்து, "எந்த முனை?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டி.வி.யில் புராணத் தொடர் ஓடும். தெருவில் ஈ காக்கை இருக்காது. தொடர் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பால்கனிக்கு வந்து நெட்டி முறிப்பார்கள். பக்தியும் திருப்தியுமாக இருக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் கை தாராளமாக நீளும் என்பது நாகம்மாவின் கணக்கு. சரியான கணக்கு. நானும் அப்படித்தான் என் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு முழு ரூபாய் நாணயத்தை எடுத்து, தர்மம் செய்கிறவனின் கம்பீரத்தோடு கீழே போட்டேன். நாணயம் துணியில் விழுந்தது, டங்கென்று எகிறியது, நேராகச் சாக்கடைக்குள் போய்விட்டது.

எட்டிப் பார்த்தால், துணியின்மேல் ஏறி நடக்கலாம் போல அவ்வளவு விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். இழுத்தது ஒருவர்தான், மற்ற மூன்று பேரும் இழுபட்டுக்கொண்டிருந்தார்கள். "யோவ் அண்ணாத்தே, கொஞ்சம் தொய்ய வுடுய்யா, காசு தெறிக்குது!" என்று நாகம்மா கத்தினாள். வேம்புலி இன்னும் கொஞ்சம் இழுத்தார். கையில் இரண்டு சுற்று.

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. கிரேன்காரருக்குத் தொய்வு என்றாலே பயம். "சங்கிலி தொளதொளன்னு கீதுன்னா அது ஆளை அட்ச்சிடும் சார். டைட்டா இருந்தாத்தான் நம்ம கையில கீதுன்னு அர்த்தம்" என்று பிற்பாடு விளக்கினார். இன்னொரு பயமும் இருந்தது. எதிர் பிளாக்கின் மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அம்மாள் சில்லறையைக் காகிதத்தில் மடித்துப் போட்டாள். மேலேயிருந்து ஏதோ வருவதைப் பார்த்ததும் வேம்புலி, "அடியில நிக்காத! நவுரு! நவுரு!" என்று அலறிக்கொண்டு துணியோடு மூன்று பேரையும் பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பொட்டலம் நடுரோட்டில் விழுந்து சிதறியது. தொங்குகிற சுமைக்கு அடியில் ஆள் நிற்கக் கூடாது. இருபது வருடமாகக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவருக்கு அதுதான். எங்கள் தெருவுக்கு அது தெரியாதே! விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு இன்னொரு கூத்து. ஒரு மாடியில் லவுட் ஸ்பீக்கர் அளவுக்குச் சத்தமாக ஒருவர் "இதோ வரேன், இருங்க" என்றார். அவர் வருவதற்குள் வேம்புலிக்குப் பொறுமை போய்விட்டது. முனையை அப்படியே விட்டுவிட்டு, தானே போய் வாங்கி வந்துவிடலாம் என்று படியேறி ஓடினார். மேலே அவருக்குக் கிடைத்தது இரண்டு ரூபாய். கீழே துணி சரிந்து, அதுவரை சேர்ந்ததெல்லாம் கொட்டி உருண்டது. வசந்தகுமாரியும் நாகம்மாவும் முட்டி போட்டுப் பொறுக்கினார்கள். ஜெயராமன் கையை வைத்துச் சாக்கடை ஓரத்தை மறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவை அன்று முடிக்கவே முடியவில்லை, அதற்குள் வெயில் ஏறி எல்லோரும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு பொங்கலுக்கு அடுத்து வந்தது. பாதி வீடுகள் பூட்டியிருந்தன. மீதி வீடுகளில் கையில் காசில்லை. அன்றைக்கு வேம்புலி, மற்றவர்கள் சரியாகச் செய்யவில்லை என்று முடிவுகட்டி, நாகம்மா கூவ வேண்டியதைத் தானே கூவினார், ஜெயராமன் சொல்ல வேண்டிய விஷயத்தைத் தானே சொன்னார், எந்தத் தெருவில் திரும்புவது என்பதையும் துணியை இழுத்தே தீர்மானித்தார். கடைசியில் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அங்கேதான் வசந்தகுமாரி சொன்னாள். சின்னப் பெண், அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

"அண்ணே, அடுத்த வாரம் நீங்க வர வேணாம்."

வேம்புலி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எங்க எல்லாரையும் விட அவருக்காக ஓடுறீங்க, அது தெரியுது. ஆனா உங்களோட சேர்ந்து நடக்க முடியலண்ணே. இன்னும் ரெண்டு ஞாயிறுதான் இருக்கு."

நாகம்மா எப்போதும் வாயாடுகிறவள், அன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்புலி மணி மிதிக்கவில்லை. சொம்பைத் தண்ணீரோடு அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். எனக்கு அந்த மனிதரிடம் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பிரியம் வந்தது.

அங்கிருந்து நேராக பால்ராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து நாலு பிளாக் தள்ளி, இரண்டாவது மாடி. அந்த வீட்டுக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை. பால்ராஜ் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். படுத்தால் மூச்சு வாங்கும். பதினாலு வருடம் சேர்ந்து வேலை பார்த்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்திருக்கிறார்கள். கடைசியில் வேம்புலி தன் குறையைக் கொட்டினார்.

"துணிய எப்டி புடிக்கிறாளுங்க தெரியுமா மாமே? பழைய பொடவ மாரி தொங்குது. நான் இய்த்துப் புட்ச்சா என்னிய வர வேணாங்கிறாங்க."

பால்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அவருக்கு ஆகாது. மூச்சு திணறி, கண் பிதுங்கி, பேச்சு வராமல் முஷ்டியை மூடி மேலே தூக்கினாராம். நிறுத்து. வேம்புலி பேச்சை அப்படியே நிறுத்திவிட்டார். கொஞ்சம் மூச்சு வந்ததும் பால்ராஜ் முஷ்டியைத் திறந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மெல்ல அசைத்தார். இறக்கு.

"இன்னாத்த எறக்குறது மாமே? கையில ஒண்ணுமில்லியே."

"துணிய" என்றார் பால்ராஜ். "தொய்ய வுடு."

இதைச் சொல்லும்போது வேம்புலி தன் பெரிய கையை என் முகத்துக்கு நேராகக் கவிழ்த்து விரல்களை அசைத்துக் காட்டுவார். "வசந்தா மேடம் வாயால நூறு வாட்டி சொன்னாங்க சார். காதுல ஏறல. அவன் வெரலாட்டினான், ஏறிக்கிச்சு. நான் இன்னா செய்ய, என் மண்ட அப்டி."

நாலாவது ஞாயிறு, தொடர் முடிந்து பால்கனிக்கு வந்தேன். துணியின் நாலாவது முனையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முக்காடு போட்டுத் தலையைக் குனிந்திருந்தாள். யாரென்று முதலில் தெரியவில்லை. பால்ராஜின் மனைவி பொன்னியம்மா. வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அவளே வந்திருக்கிறாள். புருஷன் உயிருக்காகத் தன் தெருவிலேயே, தன்னைத் தெரிந்தவர்கள் முன்னால் துணியேந்தி நின்றாள். நாகம்மா கூவுகிற ஒவ்வொரு தரமும் அந்த முக்காடு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பக்கத்து பிளாக்கின் சைக்கிள் ஸ்டாண்டில் வேம்புலி நின்றிருந்தார். வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்திருக்கிறார். பழைய வேம்புலியாக இருந்தால் ஒரே பாய்ச்சலில் வந்து "நவுரு" என்று முனையைப் பிடுங்கியிருப்பார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துணிக்குப் பின்னாலேயே நடந்தார். ஒரு தெரு நடந்தார், இரண்டு தெரு நடந்தார் என்று நாகம்மா பிற்பாடு சொன்னாள். மூன்றாவது தெருவில் வசந்தகுமாரி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்" என்றார். அவர் யாரிடமாவது ஒன்றைக் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல். "கத்தினா எனக்குக் காதுல வியாது. வெரலக் காட்டுங்க. கவுத்துனா எறக்குறேன், மூடுனா நிக்கிறேன். நீங்க காட்டாம நான் ஒரு அடி நவுர மாட்டேன். அந்தம்மா ஊட்டுக்குப் போவட்டும், பாக்க முடியல."

வசந்தகுமாரி பொன்னியம்மாவைப் பார்த்தாள். பொன்னியம்மா முனையை நீட்டினாள். வேம்புலி வாங்கிக்கொண்டு, இரண்டு சுற்று சுற்றி, ஒரு சுற்றை அவிழ்த்தார்.

அன்றிலிருந்து அந்தத் துணி நடந்த நடையே வேறு. வசந்தகுமாரி இடது கையில் தன் முனையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாடை காட்டுவாள். நாகம்மாவின் கூவலில் எதுவும் கேட்காது, கேட்கவும் வேண்டியதில்லை. கை கவிழ்ந்தால் துணி தொய்யும், மூடினால் நிற்கும். வேம்புலிக்காக ஆரம்பித்ததை மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். வேம்புலியின் கண் மாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஒரு கண் வசந்தகுமாரியின் கையில், ஒரு கண் மற்றவர்களின் கால்களில். நாகம்மாவுக்கு ஒரு காலில் பித்தவெடிப்பு, மெல்லத்தான் நடப்பாள் என்பது அவருக்கு அந்த வாரம்தான் தெரிந்ததாம். "பத்து வருசமா அவ கையால சோறு துண்றேன் சார், இது தெரில பாரு" என்றார்.

கடைசி ஞாயிறு மத்தியானம் ஒரு மணி ஆகியும் வால்வுக்கான பணத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. எங்கள் தெருவையே இரண்டாம் தடவை சுற்றினார்கள். எதிர் பிளாக்கின் மூன்றாவது மாடி அம்மாள், முதல் வாரம் பொட்டலம் போட்டு நடுரோட்டில் சிதறவிட்டவள், உள்ளே போய்த் துணிமூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாமிக்கு முடிந்துவைத்த காசாம், பல வருடத்துச் சில்லறை. தேங்காய் கனத்துக்கு இருந்தது. "போடட்டுமா?" என்று கேட்டாள்.

தெரு முழுக்க வேம்புலியைப் பார்த்தது. வசந்தகுமாரி கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்தாள். வேம்புலி முனையைத் தழையவிட்டார். மேலே பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது என் மாடி வரைக்கும் தெரிந்தது. இருபது வருடம் மற்றவர்களை நிற்கவிடாத இடத்தில் அவரே நின்றார். மூட்டை வந்து துணியின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தது. ஒரு காசு தெறிக்கவில்லை. "அண்ணாத்தே, கண்ணத் தொற, வந்து குந்திகிச்சு" என்றாள் நாகம்மா. அவர் கண்ணைத் திறந்தபோது அழுதிருந்தார். என் சாக்கடைக் காசுக்குப் பரிகாரமாக அன்று நானும் கீழே இறங்கிப் போய், எவ்வளவு என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் கனமாகவே போட்டேன்.

வால்வு தேதிக்கு முன்னால் வந்துவிட்டது. பால்ராஜ் பிழைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்கும். "கடியாரத்த முயுங்கினவன் மாரி கீறான்" என்பது வேம்புலியின் கேலி. கிரேனுக்குக் கீழே இப்போது வேறொருவர் நின்று கை காட்டுகிறார். "கை சுத்தமில்ல, ஆனா கத்துக்குவான்" என்கிறார் வேம்புலி. டீக்கடையில் இப்போது நாலு டீக்குக் காசு கொடுக்கிறார் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாது, இன்னமும் தன் டீக்குத்தான் கொடுக்கிறார். ஆனால் மற்ற மூன்று பேரும் குடித்து முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

விரிப்பு அதோடு மடித்து வைக்கப்படவில்லை. யாராவது வந்து நாகம்மாவிடம் சொல்வார்கள், நாகம்மா வசந்தகுமாரியிடம் சொல்வாள். வசந்தகுமாரிக்குக் கல்யாணமாகி திருமுல்லைவாயிலில் இருக்கிறாள், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறாள். இப்போது கேபிள் வந்துவிட்டதால் ஜனங்கள் பால்கனிக்கு வருகிற நேரத்தைக் கணக்குப் போட முடியவில்லை என்பது ஒன்றுதான் அவர்களுடைய புகார்.

போன ஞாயிறு, வேப்பம்பட்டுப் பக்கம் எரிந்துபோன பத்துக் குடிசைகளுக்காக வந்தார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். பால்ராஜின் பிளாக் வந்தது. அவர் இரண்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இடது கையில் ஒரு காகிதப் பொட்டலம். கூப்பிடவில்லை. வலது கையைச் சுவருக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மெல்ல அசைத்தார்.

வசந்தகுமாரி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகம்மா கூவிக்கொண்டிருந்தாள். யாருடைய மாடியையும் பார்க்காத வேம்புலி எப்படியோ தலையைத் தூக்கினார். பதினாலு வருடம் மேலேயிருந்து பார்த்த கையைக் கீழேயிருந்து பார்த்தார். முனை அவர் கையில் தானாகத் தழைந்தது. தொய்வு துணி வழியாகப் போய் மற்ற மூன்று பேரின் கைக்கும் எட்ட, அவர்களும் நின்றுவிட்டார்கள்.

பால்ராஜ் இன்னும் பொட்டலத்தை விடவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. வேம்புலி ஓரடி எடுத்து வைத்து, பொட்டலத்துக்கு நேர் கீழே வந்து நின்று, வலது காலால் தார் ரோட்டை இரண்டு தரம் மிதித்தார்.